எழுத்துப் போட்ட படங்கள்

நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வீட்டில் எல்லாரும் சுகமா, அம்மாவின் முழங்கால் நோவு எப்படி, வெளிநாட்டில் இருக்கிற அண்ணர் ஒழுங்காகக் கதைக்கிறாரா என்று முதலில் விசாரிப்பேன். என்ன மாதிரிப் படம் பிடிக்கும் என்று கேட்பது வீண் வேலை. கருத்துள்ள படம் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், பிறகு பாதியில் நித்திரையாகிப்போவார்கள். ஆளுக்கு என்ன குறை என்று தெரிந்துவிட்டால் படத்தைத் தேர்வது சுலபம்.

நீங்கள் என்னிடம் இரண்டு விஷயங்கள் கேட்டீர்கள். என் சேகரிப்பில் இருக்கிற, வெளியில் அதிகம் பேர் அறியாத படங்களில் எவை பார்க்கத் தக்கவை என்பது ஒன்று. அன்ரனிதாஸ் விஷயத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது மற்றது. இரண்டையும் வேறு வேறாகச் சொல்ல எனக்கு வராது. கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் எனக்கு ஒரு வீடியோக் கடை இருக்கிறது. கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பாரிசுக்கும் ஜெனீவாவுக்கும் அனுப்புவது என் தொழில். இந்தத் தீவில் எந்தச் செத்தவீட்டில் யார் அழுதார், யார் அழாமல் நின்றார் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. அழாதவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் வேறொருவரின் அழுகைச் சத்தத்தைச் சேர்த்து, அவர்களையும் அழுதவர்களாக்கி அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டில் இருந்தவர்கள் மனம் ஆறினார்கள். இங்கே இருந்தவர்கள் நல்ல பெயர் எடுத்தார்கள். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

படங்கள் சேர்ப்பது தொழிலல்ல, ஆசை. கொழும்பில் ஒரு பழைய வீடியோக் கடையை மூடியபோது பெட்டி பெட்டியாக வாங்கி வந்தேன். பெரும்பாலும் ரஷ்யாவிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் எடுத்த பழைய படங்கள். நடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, எடுத்தவர் பெயரை வாயில் வைக்க ஏலாது. புளியங்கூடலில் என் வீட்டில் இரண்டு அலுமாரிகள் நிறைய அவைதான் இருக்கின்றன. கலியாணம் முடிக்காத ஒரு மனிதனுக்கு என்னுடைய வீட்டு ஹோல் பெரிது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே படம் போடத் தொடங்கினேன். கோயிலும் பூசையும் முடித்து, மத்தியானச் சோறும் தின்று, ஒரு குட்டித்தூக்கமும் போட்டுவிட்டுச் சைவக்காரரும், வேதக்காரர் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர்களுமாகச் சனம் வரும்.

அந்தப் படங்களில் ஒன்றிலும் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்து ஓடுகிறதைப் பார்த்து நானே தமிழில் எழுதி, படத்தின் அடியில் ஓடவிடுவேன். செந்தமிழில் எழுதிப் பார்த்தேன், சனம் கொட்டாவி விட்டது. பிறகு எங்கள் பேச்சிலேயே எழுதினேன். பனியில் நின்று கொண்டு ஒரு கிழவர் "ஏலாது, நான் வரேல்லை" என்று சொன்னபோது ஹோலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சசி தம்பி, இந்த வெள்ளைக்காரர் எங்கட சனம் மாதிரியெல்லே கதைக்கினம்," என்று அன்னபூரணம் அக்கா அதிசயப்பட்டார். அவர் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், எப்போதும் முன்வரிசை. அவருடைய மகன் ஜெனீவாவில். மகள் நிலாந்தினி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். மகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாற்றம் மரியாதைக்காகத்தான் செய்தேன். ஒரு படத்தில் குதிரைக்காரன் ஒருவன் தூஷணத்தால் பேசுகிறான். அன்னபூரணம் அக்கா முன்வரிசையில் இருக்கிறாரே என்று அதை "உமக்கு அறிவில்லையோ" என்று எழுதினேன். அவ்வளவுதான். அதில் குற்றம் காண்பவர் யாரும் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்கிற முதற்படம் அதற்கு அடுத்தது. மலைநாட்டில் ஒரு தாய், வற்றிப்போன கிணற்றடியில் இருந்து கொண்டு, பட்டணம் போன மகன் வருகிற வழியைப் பார்த்துக் கொண்டே இருக்கிறாள். மகன் வருவதில்லை. ஒரு சிநேகிதனை அனுப்பி, வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். அருமையான படப்பிடிப்பு. ஆனால் அந்தக் கிழமை அன்னபூரணம் அக்காவின் மகன் போன் எடுக்காமல் பல நாளாகியிருந்தது, அக்கா சோறு தின்னாமல் இருந்தார். ஆகவே அந்தச் சிநேகிதன் "நாளைக்கு வாறானாம், அம்மா" என்று சொல்வதாக எழுதினேன். படத்தில் தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எங்கள் சனம் எடுத்துக் கொண்டது. அக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையத் தின்றார்.

இரண்டாவது படம் ஆட்டுக்காரச் சகோதரர் இருவரைப் பற்றியது. ஒரு குதிரைக்காக அடிபட்டு, கடைசியில் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, பிரேதத்தைக் கட்டிப்பிடித்துக் கொண்டு கிடக்கிறான். எங்கள் ஊரில் கிறிஸ்தோப்பர் அண்ணை என்று, ஒரு காலத்தில் வள்ளமும் வலையும் ஆட்களும் வைத்திருந்த பழைய சம்மாட்டியார் இருக்கிறார். அவருக்கும் தம்பிக்கும் வேலிச் சண்டை. வேலிக்கு நடுகிற பச்சைத் தடியான கதியாலை ஒருவர் உள்ளே நட, மற்றவர் பிடுங்கி வெளியே நட, இரண்டு வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்து முகம் திருப்பிப் பல வருடம். எழுத்தில் நான் குதிரையை வேலியாக்கினேன். கடைசிக் காட்சியில் தம்பி கீழே விழுந்தவுடன் படத்தை வெட்டி, கட்டிப்பிடிக்கிற இடத்திலிருந்து திரும்பத் தொடங்கி, "வேலி கிடக்கட்டும், எனக்கு நீதான் வேணும்" என்று எழுத்து ஓடவிட்டேன். தம்பி ஏன் அசையாமல் கிடக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. களைத்துப்போனான் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த நாள் காலையில் கிறிஸ்தோப்பர் அண்ணை தானே போய்க் கதியால்களைப் பிடுங்கித் தம்பி சொன்ன இடத்தில் நட்டார்.

அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அரசாங்கக் கச்சேரியாலும் ஊர் விதானையாராலும் கோயில் சுவாமியாராலும் முடியாததை, அடியில் ஓடுகிற ஒரு வரி செய்துவிட்டது. அதற்குப் பிறகு நான் படங்களைத் தேர்வதில் மிகவும் பொறுப்பாக இருந்தேன்.

போனில் தேடிப் பார்த்தால் உண்மைக் கதை தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் தெரியாத படங்களைச் சிபாரிசு செய்கிறேன். பேர்போன படத்தின் கதையைப் பற்றி உலகமே கதைத்துக் கொண்டிருக்கும். பேர் தெரியாத படத்தைப் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், நோர்வேப் படங்களை நான் தொடுவதேயில்லை. அந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழிகள் தண்ணீர் பட்டபாடு. ரஷ்ய மொழி தெரிந்தவர் இந்தத் தீவில் யார் இருக்கப்போகிறார்?

இப்போது நிலாந்தினி. அவரும் தாயாரோடு ஒவ்வொரு ஞாயிறும் வருவார். படம் முடிந்ததும் மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அவர் மட்டும் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை இருப்பார். பிறகு கதிரை அடுக்க உதவி செய்து கொண்டே, அந்த யன்னலை ஏன் இரண்டு தடவை காட்டினார்கள், அந்தப் பெண் ஏன் பாண் துண்டைத் தின்னவில்லை என்று கேட்பார். நான் சொல்வேன். ஒரு கிழமை முழுக்கக் கலியாண வீடியோவில் கேக் வெட்டுவதை வெட்டிக் கொண்டிருப்பவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் வயது ஐம்பது தாண்டிவிட்டது.

அன்ரனிதாஸ் வந்தது அதற்குப் பிறகு. ஊர்காவற்றுறையில் சொந்த வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்கிற ஆள். நல்ல உயரம், உரத்த குரல், கையைக் காலை ஆட்டிக் கதைக்கிற சுபாவம். ஐரோப்பா போகிறேன் என்று ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, நடுவழியில் ரஷ்யாவில் மாட்டுப்பட்டு, சில வருடம் அங்கே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அப்படித்தான் அவர் சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் தனக்குப் பக்கத்தில் கரடி வந்து நின்றது என்றார். ஏரி கல்லாக உறைந்துபோக, அதில் கிணறு மாதிரி ஓட்டை வெட்டி, அதற்குள் தூண்டில் போட்டு மீன் பிடித்தேன் என்றார். மண்கும்பான் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று வளர்ந்த சனம் இதை எப்படி நம்பும்? புழுகன் என்று பெயர் வைத்தது. ரஷ்யாவும் இல்லை ஒன்றும் இல்லை, ஆள் நீர்கொழும்பில் ஒளித்திருந்தது என்று ஒரு கதையும் உலாவியது. அதை முதலில் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. நானாகவும் இருக்கலாம்.

ஆட்டுக்காரச் சகோதரர் படம் போட்ட ஞாயிறிலிருந்து அவர் என் ஹோலுக்கு வந்து நிலாந்தினிக்குப் பின்கதிரையில் இருக்கத் தொடங்கினார். அன்னபூரணம் அக்கா வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில், நண்டு வரத் தொடங்கியது. படம் முடிந்தவுடன் யன்னலைப் பற்றிக் கேட்பது குறைந்தது.

ஒரு ஞாயிறு நான் கதிரை அடுக்கிக் கொண்டிருந்தபோது நிலாந்தினி வந்து நின்றார்.

"அண்ணை, அன்ரனிதாஸ் என்னைக் கேட்டிருக்கிறார்."

"என்ன கேட்டவர்?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"கலியாணம். அம்மா உன்ரை விருப்பம் எண்டு சொல்லிப்போட்டா. வேதம், சைவம் எண்டு கூட அவ பெரிசாய்ப் பாக்கேல்லை. எனக்குத்தான் முடிவு வருகுதில்லை. அவரோடை கதைச்சால் நேரம் போறது தெரியாது, அண்ணை. ஆனா சொல்லுறதிலை எது உண்மை, எது புழுகு எண்டு பிடிபடுகுதில்லை. ஆளை நம்பலாமோ எண்டதுதான் யோசினை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒரு நல்ல படம் போடுங்கோ. மனம் தெளியிற மாதிரி."

ஒரு மனிதர் இன்னொருவர்மேல் வைக்கிற நம்பிக்கையில் இதைவிடப் பெரியதை நான் கண்டதில்லை. அந்தக் கிழமை கடைக்கே போகவில்லை. மூன்று கலியாணவீட்டார் போன் எடுத்து ஏசினார்கள், ஏசட்டும் என்று விட்டேன்.

பொய்க்காரனைப் பொய்க்காரனாகவே காட்டுகிற படங்களும் என்னிடம் இருந்தன. ஆனால் அவற்றில் நடித்தவர்களுக்குப் பார்த்தவுடனேயே களவாணி முகம். அதில் படிப்பினை இல்லை. நேர்மையான முகம் உள்ளவனும் ஏமாற்றுவான் என்று காட்ட வேண்டும் என்றால், நேர்மையானவனாகவே நடித்த ஒரு நடிகர் வேண்டும். அப்படித்தான் ஏரிக்கரைப் படத்தைத் தெரிவு செய்தேன். இதுதான் உங்களுக்கு என் மூன்றாவது சிபாரிசு. மூன்றிலும் சிறந்தது. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். அங்கே ஒரு படகுக்காரன், ஊர் நம்பாத கதைகளாகச் சொல்கிறவன். கடைசியில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவளுக்குத் தெரியவருகிறது. தனக்கு இந்த உலகத்தில் ஒருவருமில்லை என்கிறான். அவள் சிரித்துக் கொண்டே படகில் ஏறுகிறாள்.

என் எழுத்தில் அவனுக்கு அடுத்த பட்டணத்தில் ஒரு மனிசியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ரீச்சர் அவனைப் பொலிசில் பிடித்துக் கொடுப்பதற்காகத்தான் படகில் ஏறுகிறார். படத்தில் ஒரு காட்சியையும் நான் தொடவில்லை. முகங்கள் அவர்களுடையவை, எழுத்து மட்டும் என்னுடையது.

அந்த ஞாயிறு ஹோல் நிறைந்திருந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நான் யோசிக்காமல் விட்ட ஒன்று வந்தது. திரையில் ஏரி உறைந்து கிடக்கிறது. படகுக்காரன் கிணறு மாதிரி ஓட்டை வெட்டி, தூண்டில் போட்டு, ஒரு மீனை இழுத்தெடுக்கிறான். ஹோல் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நிலாந்தினி திரும்பிப் பின்கதிரையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. படத்தை நிறுத்திவிடுவோமா என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் எழுத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

கதை போய், படகுக்காரன் ரீச்சருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கதைக்கிற இடம் வந்தது. "எனக்கு ஊரிலை மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம், உமக்குச் சொல்லாமல் விட்டனான்" என்று எழுத்து ஓடியது. பின்கதிரையில் அன்ரனிதாஸ் எழும்பினார்.

"உது பிழை," என்றார். "அவன் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டுதான் சொல்லுறான். மனிசி எண்டு ஒரு சொல்லும் அதிலை இல்லை."

"நீர் உந்தக் கரடிக் கதையை விட்டிட்டு இரும் பாப்பம்," என்றார் கிறிஸ்தோப்பர் அண்ணை. ஹோல் சிரித்தது.

"சத்தியமாய் அண்ணை. எனக்கு ரஷ்யன் விளங்கும்." அவர் அந்த மொழியில் நாலைந்து வார்த்தை உரத்துச் சொல்லிக் காட்டினார். சிரிப்பு இன்னும் கூடியது. எந்தச் சத்தத்தைப் போட்டாலும் அது ரஷ்யமொழிதான் என்று எவரும் சொல்லலாமே.

அன்னபூரணம் அக்கா திரும்பினார். "தம்பி, கொட்டை எழுத்திலை போட்டிருக்குது. உமக்குக் கண் தெரியேல்லையோ?"

நிலாந்தினி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணை?" என்றார். அந்த ஒரு சொல்தான்.

நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "நான் இங்கிலீசிலையிருந்துதான் எழுதினனான், எனக்கு ரஷ்யன் தெரியாது. அன்ரனிதாஸுக்குத் தெரியுமெண்டால் அவர் சொல்லுறதுதான் சரியாய் இருக்கும்," என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். அவ்வளவு போதுமாக இருந்தது. நிலாந்தினி முன்னால் திரும்பினார், பிறகு பின்னால் பார்க்கவேயில்லை.

மறுநாள் அவர் அன்ரனிதாஸிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். "படத்துக்காக இல்லை அண்ணை," என்று எனக்கு விளக்கம் சொன்னார். "எங்கட அம்மாவுக்கு முன்னாலை, அத்தனை சனத்துக்கு முன்னாலை, ஒரு படத்தைப் பற்றிக்கூடப் புழுகாமல் இருக்க ஏலாத ஆள். அவரோடை நான் என்னெண்டு சீவிக்கிறது?" கண் சிவந்திருந்தது. எனக்கும் கவலையாக இருந்தது. இந்தத் தீவுக்குத் திரும்பி வந்தபிறகு அந்த மனிதர் அன்றைக்குத்தான் முதற்தடவையாக நம்பத்தக்க விதத்தில் ஒன்று சொல்லியிருந்தார்.

அன்ரனிதாஸ் வள்ளத்தைத் தமையனிடம் விட்டுவிட்டு, மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருக்கிற தாய்வழிச் சொந்தக்காரரிடம் போவதாக முடிவெடுத்தார். போவதற்கு முதல்நாள் என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, சத்தம் அயலுக்குக் கேட்கட்டும் என்று யன்னலைத் திறந்து வைத்தேன். அவர் ஏரிக்கரைப் படத்தை எழுத்து இல்லாமல் ஒருதரம் போடச் சொன்னார். போட்டேன். சிரிக்கிற இடத்தில் சிரித்தார், தொப்பி கழற்றுகிற இடத்தில் கண்ணைத் துடைத்தார்.

"நல்ல படம் அண்ணை," என்றார் முடிவில்.

"ஓம்," என்றேன். "வெளியிலை கனபேருக்குத் தெரியாது."

"மற்றப் படங்களும் எனக்கு விளங்கினதுதான். அந்தக் குதிரைப் படத்திலை அண்ணன் தம்பியைக் கொல்லுறான். நீங்கள் வேலியைப் போட்டுக் கட்டிப்பிடிக்க வைச்சனீங்கள். கிறிஸ்தோப்பர் அண்ணைக்காக எண்டு விளங்கினது. அதாலைதான் வாய் திறக்காமல் இருந்தனான்." திரையைக் கையால் காட்டினார். "இதை ஆருக்காகச் செய்தனீங்கள்?"

"நிலாந்தினியின்ரை நன்மைக்காக," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். ஊரில் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் நல்ல ஞாயிற்றுக்கிழமைகள். நிலாந்தினி பழையபடி கடைசிப் பெயர் ஓடும்வரை இருந்தார், யன்னல்களைப் பற்றிக் கேட்டார். கொஞ்சம் மெலிந்திருந்தார், அது வெயில் காலம். ஒருநாள் எல்லாரும் போனபிறகு, ஏரிக்கரைப் படத்தை இன்னொருதரம் பார்க்கவேண்டும் போல இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, படத்தையும் போட்டேன்.

கடைசிக் காட்சியில் அவர் கையைத் தூக்கினார். "அண்ணை, கொஞ்சம் திருப்பி விடுங்கோ."

திருப்பினேன்.

"அந்தக் கரையிலை சைக்கிளைப் பிடிச்சுக் கொண்டு ஒருத்தர் நிக்கிறார். 'போகாதையும், நான் இருக்கிறன்' எண்டு எழுத்து ஓடுது. அவர் வாயே திறக்கேல்லை."

"தூரத்துக் காட்சி, வாய் தெரியாது."

"தெரியுது. மூடியிருக்குது."

"மனசுக்குள்ளை சொல்லுறார்."

"இங்கிலீசிலை அப்பிடி இருந்ததோ?"

நேரே கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "இல்லை," என்றேன்.

"அப்ப அது ஆர் சொன்னது?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். அவர் சைக்கிள்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணிதம் படிப்பிக்கிறவர் அல்லவா, கணக்கைச் செய்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எழுத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடுங்கள் என்றார், அதுவும் அண்ணை என்று சொல்லாமல். ஒரு சொல்லும் விளங்காத படத்தைக் கண் வெட்டாமல் பார்த்தார். படகில் ஏறும்போது அந்த ரீச்சர் சிரிக்க, இவரும் சிரித்தார். பிறகு செருப்பைப் போட்டுக் கொண்டு போனார். மறுநாள் காலையிலேயே மன்னார் போகிற வழியைக் கேட்டுக் கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வசனத்தைப் பற்றி உங்களுக்கும் ஒரு எண்ணம் வந்திருக்கும். அது தவறான எண்ணம். அந்தக் கரையில் நிற்கிற மனிதர் படம் முழுவதும் பின்னால் வந்து போகிறார். ரீச்சருக்குக் கதவு திறந்து விடுகிறார், குடை பிடிக்கிறார், ஆனால் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. அது எடுத்தவரின் குறை. அப்படி ஒரு மனிதரை எதற்கு நிறுத்தி வைக்க வேண்டும்? நான் அந்தக் குறையைத்தான் நிரப்பினேன். இதில் என் சொந்த விருப்பம் ஒரு துளியும் இல்லை.

இருவரும் பதிவுக் கலியாணம் செய்தார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. நீங்கள் கேள்விப்பட்டதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சனம் என்னைக் கல்லால் அடிக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வந்து இருந்து கொண்டு, "சசி, இது உம்மட கதையோ, அவையின்ரை கதையோ?" என்று கேட்டுச் சிரிக்கிறது, அவ்வளவுதான். ஆட்டுக்காரத் தம்பி செத்துப்போனான் என்று தெரிந்ததும் கிறிஸ்தோப்பர் அண்ணை கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். "இனி வேலியைத் திருப்பிப் பிடுங்க ஏலாது, கதியால் தளைச்சிட்டுது," என்றார். அன்னபூரணம் அக்கா மட்டும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கிணத்தடிப் படத்திலை மகன் வந்தவனோ, இல்லையோ?"

"வந்தவன் அக்கா," என்றேன்.

கலியாண வீடியோவுக்கு வேறு ஆளில்லை, நான்தான் எடுத்தேன். அன்ரனிதாஸ் எல்லாருக்கும் முன்னால், "அண்ணை, எழுத்து மட்டும் போட்டிடாதேங்கோ," என்று சொல்ல, மாலையோடு நின்ற நிலாந்தினிகூடச் சிரித்தார். ஆனால் பிறகு ஜெனீவாவிலிருந்து அவருடைய தமையன் போன் எடுத்தார். அவருக்கு ஊர்ச் செய்தி ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது, என்ன பேசுகிறார்கள் என்று கீழே ஆங்கிலத்தில் போட்டு அனுப்புங்கள் என்று தயவாகக் கேட்டார். தொழிலில் கேட்டதைச் செய்து கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு காட்சி இருக்கிறது. விருந்துக்காகக் காரைநகர் போவதற்கு இருவரும் வள்ளத்தில் ஏறுகிறார்கள். நிலாந்தினி சேலையைக் கையில் பிடித்துக் கொண்டு ஏறி, கரையில் கமராவோடு நின்ற என் பக்கம் திரும்பி, சிரித்துக் கொண்டு ஏதோ சொல்கிறார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்துதான் இருக்கிறது என்பதைப் பலமுறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்து கொண்டேன். "போட்டு வாறம்" என்று சொல்லியிருப்பார் என்கிறார் கிறிஸ்தோப்பர் அண்ணை. அப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆளா நிலாந்தினி? "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை" என்பதை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். உதட்டசைவுக்கும் அச்சாவாகப் பொருந்துகிறது. நானும் அவரை மன்னித்துவிட்டேன்.